வகுப்பறை வாசலில் பங்குனி

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டால், திருவண்ணாமலையை அடுத்த செங்கம் பக்கத்து ஊர்களில் துரியோதனன் வந்து படுத்துக்கொள்வான். திரௌபதியம்மன் கோயில் திடலில் வண்டி வண்டியாகக் களிமண் கொட்டி, தண்ணீர் விட்டு மிதித்து, மல்லாந்து கிடக்கும் கோலத்தில் அவனை ஊரே கூடிச் செய்யும். கிரீடம், உருட்டி விழித்த கண், முறுக்கு மீசை, விரித்துப் போட்ட கை, நீட்டிய கால். தொடைக்குள் சிவப்புச் சாயம் ஊற்றிய கலயம். படுகளத்தன்று பீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் அந்தத் தொடையில் அடிப்பார். பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிப்பாள். பெண்கள் அந்தக் களத்து மண்ணில் ஒரு பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதற்கு முன்னால் பத்து நாளோ பதினெட்டு நாளோ, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடந்திருக்கும். ஊர் மாற்றி ஊர், ஆனி வரைக்கும் தொடரும் இந்தத் திருவிழாவுக்கு வட ஆற்காட்டு, தென் ஆற்காட்டு மக்கள் வைத்த பெயர் அக்னி வசந்த விழா.

கூத்து நடக்கும் நாட்களில் அந்த ஊர்த் தொடக்கப் பள்ளிக்குப் போனால், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரி பூரா கூத்து பார்த்த கண். டீச்சர் இரண்டு விதமாக அந்தக் காலையைத் தொடங்கலாம். “தூங்குமூஞ்சிங்களா, புத்தகத்தை எடுங்க” என்று சொல்லலாம். அல்லது, “உங்க ஊர் துரியோதனன் எத்தனை அடி நீளம்?” என்று கேட்கலாம்.

இரண்டாவது வழியில் போனால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பிள்ளைகளுக்குத் தூக்கம் கலைந்துவிடும். மண்ணாலான உருவத்தைத் தலையிலிருந்து கால்வரை அடிமேல் அடி வைத்து அளந்து வருவார்கள். ஒருவன் அறுபது என்பான், இன்னொருத்தி எழுபத்திரண்டு என்பாள். யார் சொன்னது சரி என்று சண்டை வரும். அந்தச் சண்டையில்தான் பாடம் இருக்கிறது. ஒருவன் பாதம் பெரியது, ஒருத்தி பாதம் சிறியது. ஆளுக்கு ஆள் அளவு மாறினால் கணக்கு நிற்காது. எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவு வேண்டும். சாண், முழம், காலடி என்று தொடங்கி மீட்டருக்கும் சென்டிமீட்டருக்கும் போவது முதல் மூன்று வகுப்புகளின் கணக்குப் பாடத்தில் உள்ளதுதான். பாடநூலில் அது பென்சிலை அளக்கும் படமாக இருக்கும். இங்கே குருட்சேத்திரமே களம்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம், துரியோதனனின் நீளத்தைக் கேட்கும் அந்தக் கேள்விதான். நம் பள்ளி ஆண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. மூன்று பருவங்களில் கடைசிப் பருவம் பொங்கலை ஒட்டித் தொடங்கி, தொகுத்தறித் தேர்வோடு முடிகிறது. ஆக, வெளியே மண்ணும் மரமும் கோயிலும் களத்துமேடும் மிக அதிகமாகப் பேசும் மாதங்களில்தான் உள்ளே ‘ரிவிஷன்’ நடக்கிறது. மாசி, பங்குனியில் செங்கத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். புங்கமரம் பழைய இலையை உதிர்த்துவிட்டு, எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும் தளிரோடு நிற்கும். சில நாளில் அதன் அடியில் பொரி இறைத்ததுபோல் வெண்ஊதாப் பூ கொட்டிக் கிடக்கும். வேம்பில் பூவாடை. இலையே இல்லாத இலவத்தில் சிவப்புச் சிவப்பாகப் பூ முடிந்து காய் முற்றும். மாவில் வடு. ஜவ்வாதுமலை அடிவாரமெங்கும் புளி உலுக்கும் சத்தம். செய்யாற்றில் தண்ணீர் ஒடுங்கி மணல் தெரியும். இதற்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு ஆறு வயதுப் பிள்ளை சுவரில் ஒட்டிய பூப்படத்தைப் பார்த்துப் ‘பூ’ என்று எழுதக் கற்கிறது.

எனக்கு இதில் சொந்த மனக்குறை உண்டு. மூன்றாம் வகுப்பில் ‘வசந்த காலம்’ என்று பத்து வரிக் கட்டுரையை மனப்பாடம் செய்தேன். குயில் கூவும், தென்றல் வீசும், நந்தவனத்தில் ரோஜா மலரும் என்று வரிசையாக ஒப்பித்தேன். எங்கள் பள்ளியில் நந்தவனமும் இல்லை, ரோஜாவும் இல்லை. பெரிய புங்கமரம் ஒன்று இருந்தது. ஒப்பித்துக்கொண்டிருந்தபோது அதில் தேனீக்கள் இரைந்த இரைச்சல் வகுப்புக்குள் கேட்டது. அதைப் பற்றி ஒரு வரி எழுதலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எழுதலாம் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. அந்தப் பத்து வரி மறந்துவிட்டது. இரைச்சல் இன்னும் காதில் இருக்கிறது.

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பின் வாசலையே மிதிக்காமல் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்கு வந்து நின்றார்கள். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் எளிய கணக்குப் போடவும் வேண்டும் என்பதும், 2025-க்குள் இதை எட்ட வேண்டும் என்பதும் அப்போதைய இலக்கு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளை வகுப்பு பார்க்காமல், எந்த அளவுக்குத் தெரிந்திருக்கிறது என்று பார்த்து மூன்று நிலையாகப் பிரித்தார்கள். அந்த நிலைகளின் பெயர்கள் அரும்பு, மொட்டு, மலர்.

பெயர் வைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். மக்கு, சுமார், கெட்டி என்று பிள்ளைகளைத் தரம் பிரித்த நாக்கு நம்முடையது. அதற்குப் பதிலாக, இன்று அரும்பாக இருப்பது நாளை மலரும் என்று சொல்லும் பெயர்கள் வந்திருக்கின்றன. ஆனால் அரும்பு எது, மொட்டு எது என்று அந்தப் பிள்ளை மரத்தடியில் நின்று பார்த்திருக்கிறதா? புங்கங்கிளையில் கடுகளவு அரும்பையும், மறுவாரம் உப்பிய மொட்டையும், அடுத்த வாரம் விரிந்த பூவையும் கையில் வைத்துப் பார்த்த பிள்ளைக்குத் தன் நிலையின் பெயரும் விளங்கும். ஒரே கிளையில் மூன்றும் இருப்பது தெரிந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் தன்னைவிட முந்திப் போவதில் வருத்தமும் வராது.

இந்தத் திட்டம் வெறும் நிலத்தில் முளைத்ததல்ல. ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி.விஜயகுமாரின் முயற்சியில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் அதற்கு முன்னோடி. நாற்காலியை விட்டு டீச்சர் பாயில் வந்து அமர்ந்தது அப்போதுதான். பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை அடித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் தனி இடம். பாடங்களை அட்டைகளாக்கி, ‘கற்றல் ஏணி’யில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே பார்த்து அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும்படி செய்தார்கள்.

அந்த அட்டைகளின் பூர்விகம் ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலி. சுற்றுவட்டக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியவர்கள், ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருந்தால் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற நெருக்கடியில் கண்ட வழி அது. அட்டையும் ஏணியும் இங்கே வந்தன. அங்கே இருந்த ஒன்று மட்டும் அதே வேகத்தில் வந்து சேரவில்லை: ஊர்த் திருவிழாவைப் பள்ளிக்குள் கொண்டுவரும் வழக்கம். ரிஷிவேலிப் பள்ளிகளில் ‘மெட்ரிக் மேளா’ நடத்துவார்கள். பிள்ளைகள் கடை போடுவார்கள். தராசு, அளவுநாடா வைத்துக்கொண்டு ஊராரின் எடையும் உயரமும் அளந்து சொல்வார்கள். விற்று, சில்லறை கொடுத்து, கணக்குப் பார்ப்பார்கள். எழுத்தறியாத தாய், தன் மகள் தராசு பிடிப்பதைக் கண்ணால் பார்ப்பாள். நம் பள்ளி ஆண்டு விழாக்களில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதை நான் குறைசொல்லவில்லை, பிள்ளைகள் ஆடட்டும். அந்த மேடைக்குப் பக்கத்தில் ஒரு தராசும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

மல்லாட்டையும் நிலக்கடலையும்

தராசில் எதை நிறுப்பது என்ற கேள்விக்குச் செங்கத்தில் பங்குனியில் பதில் தேட வேண்டியதில்லை. மார்கழியில் விதைத்த மல்லாட்டை அப்போதுதான் அறுவடைக்கு வரும். கொடியைப் பிடுங்கிக் குவித்து, நிழலில் உட்கார்ந்து காய் ஆய்வார்கள். ஒரு கொடியில் எத்தனை காய், ஒரு காயில் எத்தனை பருப்பு, ஒற்றைப் பருப்புக் காய் எத்தனை, இரண்டு, மூன்று பருப்புக் காய் எத்தனை என்று பிரித்து அடுக்கினால் கூட்டலும் பெருக்கலும் அட்டவணை போடுவதும் ஒரே பாயில் முடிந்துவிடும். ஒரு படி காயை உரித்தால் எத்தனை ஆழாக்குப் பருப்பு வரும் என்று முதலில் ஊகித்துச் சொல்லிவிட்டு, பிறகு அளந்து பார்க்கலாம். ஊகித்து அளப்பது பெரியவர்களுக்கே கைவராத பழக்கம். ஆறு வயதில் பழகினால் ஆயுளுக்கும் நிற்கும்.

இதில் கணக்கைவிடப் பெரிய பாடம் ஒன்று உண்டு. பாடநூலில் இதன் பெயர் நிலக்கடலை. இப்பக்கத்துப் பிள்ளை வீட்டில் கேட்டு வளர்ந்த சொல் மல்லாட்டை. பெரியவர்கள் சிலர் மணிலா என்பார்கள், மணிலாக்கொட்டை என்பார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரத்தின் பெயர் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பள்ளிக்கு வந்த முதல் வாரத்திலேயே ‘மல்லாட்டைன்னு சொல்லாதே, நிலக்கடலைன்னு சொல்லு’ என்று திருத்தினால், பிள்ளை கற்றுக்கொள்வது நிலக்கடலை என்ற சொல்லை அல்ல. தன் வீட்டுப் பேச்சு தப்பு என்பதைத்தான். அதன்பிறகு அது வாயைத் திறப்பது குறையும்.

இதற்கு வழிகாட்ட அதே தெருக்கூத்தில் ஓர் ஆள் இருக்கிறார். கட்டியங்காரன். அவர் இல்லாமல் கூத்து இல்லை. ராஜா திரைக்குப் பின்னிருந்து செந்தமிழில் விருத்தம் பாடுவார். கட்டியங்காரன், “அதாவது என்னான்னா…” என்று ஊர்ப் பேச்சில் இறக்கிச் சொல்வார். நடுவில் கேள்வி கேட்பார், தெரியாததுபோல் நடிப்பார், கூட்டத்தில் இருப்பவரைப் பெயர்சொல்லி வம்புக்கிழுப்பார். அவர் ராஜாவின் தமிழையும் விட்டுக்கொடுக்க மாட்டார், ஊர்த் தமிழையும் விட்டுக்கொடுக்க மாட்டார். விடியும்போது எழுத்தறியாத கிழவிக்கும் பாரதத்தின் உயர்ந்த தமிழ் பழகியிருக்கும். ஒன்றாம் வகுப்பு ஆசிரியரின் வேலை இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ‘நிலக்கடலை, அதாவது நம்ம மல்லாட்டை’ என்று இரண்டு சொல்லையும் கரும்பலகையில் பக்கம்பக்கமாக எழுதிவிட்டால் போதும். புத்தகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம் கிடைத்துவிடும்.

புளிக்கு வருவோம். தை முதல் பங்குனி வரை உலுக்கி, ஓடு நீக்கி, நார் எடுத்து, கொட்டை தட்டும் வேலை மலையடிவாரத்தில் வீட்டுக்கு வீடு நடக்கும். தட்டிய கொட்டை திண்ணையோரம் குவிந்து கிடக்கும். பல்லாங்குழிக்கு 14 குழி. குழிக்கு 5 கொட்டை போட்டால் மொத்தம் எத்தனை? கொட்டையின் ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயத்துக்கு ஆயிற்று. நான்கைக் குலுக்கிப் போட்டு எத்தனை வெள்ளை, எத்தனை கறுப்பு என்று இருபது தடவை எழுதினால், இரண்டும் இரண்டும் விழுவது நான்கும் வெள்ளையாக விழுவதைவிட ஏன் அதிகம் என்ற கேள்வி தானாக எழும். பத்துப் பத்தாகக் கட்டி நூறு வரை எண்ணுவதை இதைவிட மலிவான பொருளால் சொல்லித்தர முடியாது. வாயில் ஒரு துணுக்குப் புளியைப் போட்டுக்கொண்டு ‘புளி’ என்று சொல்லச் சொன்னால், நாக்கு மடங்குவது பிள்ளைக்கே தெரியும். ‘புலி’ என்னும்போது நாக்கின் நுனி பல்லருகே போவதும் தெரியும். லகர ளகரம் ஒரே நாளில் திருந்திவிடும் என்று சொல்ல மாட்டேன். எங்கே தவறுகிறோம் என்பது பிடிபடும்.

செங்கத்துப் பிள்ளைகளின் செவி

செங்கத்துக்கு இன்னொரு சொத்தும் இருக்கிறது. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் இந்த ஊரைப் பற்றியது. பெருங்கௌசிகனார் பாடிய அதன் தலைவன் நன்னன் சேய் நன்னன்; அவன் தலைநகர் செங்கண்மா; ஆறு, நம் செய்யாறு; மலை, இன்றைய பர்வதமலை என்று அறியப்படும் நவிரம். 583 அடிகளில், பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சிக்கு அடுத்த நீளமான பாட்டு. மலையில் எழும் ஓசைகளை யானையின் மதநீரோடு ஒப்பிட்டதால் அந்தப் பெயர். அருவி விழும் ஓசை, சேம்பும் மஞ்சளும் காப்போர் பன்றி விரட்டும் ஓசை, பெண்கள் உரலில் குற்றியபடி பாடும் பாட்டு, வேங்கை முதன்முதலாகப் பூத்த நாளில் மலைமக்கள் எழுப்பும் ஆரவாரம் என்று, காதால் ஒரு மலையையே வரைந்திருக்கிறார் புலவர்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் செய்யுள் வேண்டாம். அந்தச் செவி வேண்டும். காலையில் மரத்தடியில் மூன்று நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்லுங்கள். கேட்டதையெல்லாம் சொல்லச் சொல்லி, பலகையில் எழுதுங்கள். குயில், செம்போத்து, குக்குறுவான், புங்கம்பூவில் தேனீ, மாவு மில், பெங்களூர் ரோட்டில் லாரியின் ஆரன், சத்துணவுக் கூடத்தில் தாளிக்கும் ஓசை. ‘தேனீ இரைகிறது, குயில் கூவுகிறது, லாரி உறுமுகிறது’ என்று வினைச்சொற்கள் வரிசையாக வந்து விழும். தையில் ஒருமுறை, மாசியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை இதைச் செய்தால், எந்தப் பறவை புதிதாக வந்தது என்று பட்டியலே காட்டும். அந்தப் பட்டியலுக்கு ‘எங்கள் மலைபடுகடாம்’ என்று தலைப்பு வைத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஈராயிரம் ஆண்டுப் பழைமையான வழக்கம் ஒன்றைத் தங்கள் ஊரில் தொடர்கிறோம் என்பது பெரிய வகுப்புக்குப் போகும்போது அவர்களுக்குத் தெரியவரும்.

கதைக்கும் பஞ்சமில்லை. நடுகற்கள் மலிந்த பகுதி இது; ‘செங்கம் நடுகற்கள்’ என்று தொல்லியல் துறை தனி நூலே போட்டிருக்கிறது. தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். எஜமானன் இறந்தபின்னும் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்ற நாய். தன் ஊருக்குப் பக்கத்தில், 1,400 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு நாயின் பெயரையும் கல்லில் பொறித்தார்கள் என்று கேட்ட பிள்ளை, அந்தப் பெயரை எழுதிப் பார்க்காமல் விடாது. மூன்றாம் பருவத்தில் ஒரு களப்பயணம் போக இதைவிட நல்ல இடம் எது?

மலைமேல் இருக்கும் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜவ்வாதுமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான். மலையை ஆளுபவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் வனத்துறை நடத்திய பள்ளிகளிலும் படிக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கு எந்த மரம் எப்போது துளிர்க்கும், எந்தப் பூவில் தேன் ஊறும், கடுக்காய் எந்தப் பக்கம் கிடைக்கும் என்பதெல்லாம் பள்ளிக்கு வருமுன்பே தெரியும். இந்த அறிவுக்கு மதிப்பெண் பட்டியலில் ஒரு கட்டம்கூட இல்லை. அடிவாரத்துப் பிள்ளை பத்து மரத்தின் பெயர் சொன்னால், மலைப்பிள்ளை முப்பது சொல்லும். வசந்தத்தைப் பாடமாக வைக்கும் வகுப்பில்தான் அந்தப் பிள்ளை முன்வரிசைக்கு வரும். ஒரு பருவமாவது வரட்டும்.

இப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். சாந்திநிகேதனத்தில் இன்று உலகம் அறிந்த வசந்த விழாவுக்கு வித்திட்டது 1907-இல் நடந்த சிறுவர்களின் பருவ விழா. அதைத் தொடங்கியவன் தாகூரின் கடைசி மகன், பத்து வயதுச் சமீந்திரநாத். அந்த ஆண்டு முடிவதற்குள் அவன் காலராவில் இறந்துபோனான். அவன் தொடங்கியது நின்றுபோகவில்லை. தமிழிலும் பலர் படித்த ‘டோட்டோ-சான்’ நூலில், ஜப்பானின் டோமோயி பள்ளிப் பிள்ளைகள் காலைப் பாடத்தை முடித்துவிட்டு மதியம் நடக்கப் போவார்கள். வழியில் மஞ்சள் பூ வயலருகே நின்று, சூலகமும் மகரந்தமும் எங்கே இருக்கிறதென்று பார்ப்பார்கள். பாடம் படித்ததாகவே அவர்களுக்குத் தோன்றாது. நமக்கு அருகில், திருவண்ணாமலையை அடுத்த கணத்தம்பூண்டியில் 2009 முதல் நடக்கும் மருதம் பண்ணைப் பள்ளியில், அருணாசல மலையில் மரம் வளர்ப்பதும் மலையில் நடப்பதும் படிப்பின் பகுதி.

‘சீசன்வாட்ச்’ என்ற முயற்சி இன்னும் எளிது. 2010-ஐ ஒட்டித் தொடங்கியது. ஒரு பிள்ளை ஒரு மரத்தைத் தத்தெடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை அதன் அருகில் போய், தளிர் இருக்கிறதா, மொட்டு இருக்கிறதா, பூ, காய், பழம் இருக்கிறதா என்று குறித்துவைக்கும். அவ்வளவுதான் வேலை. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் குறித்துவைத்தவை இன்று அறிவியலாளர்களுக்குத் தரவு. விஷுவுக்குப் பூக்கவேண்டிய கொன்றை காலம் தவறிப் பூப்பதை அவை காட்டுகின்றன. புங்கம், வேம்பு, புளி, மா என்று நம் பள்ளி வளாகங்களில் நிற்கும் மரங்களும் அவர்கள் கவனிக்கும் பட்டியலில் உள்ளவைதான். தேர்வுத்தாளில் எழுதுவது திருத்தியபின் கட்டாகக் கட்டப்பட்டுப் போய்விடும். மரத்தைப் பற்றி எழுதியது அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கும் வேண்டியிருக்கும்.

ஆசிரியர்கள் சொல்லும் தடைகளை நான் அறியாதவன் அல்ல. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் பள்ளிகள் ஏராளம். மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்ற வேண்டும். மலையில் சிக்னல் கிடைக்காது. பதிவேற்றும் வேலையில் போகும் நேரம் பிள்ளைகளுக்குரியது என்று அவர்கள் வருந்துவது முழுக்க நியாயம்; கல்வித் துறை அந்தச் சுமையைக் குறைத்தே ஆகவேண்டும். வெயிலைக் காரணம் சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு கிடைக்கிறது. பிள்ளைகள் முன்னதாகவே வந்து, வயிறு நிறைந்து, முகம் தெளிந்து உட்காரும் நேரம் அது. வெயில் சுடுமுன் அரைமணி நேரம் மரத்தடியில் கிடைத்தால் போதும்.

நிழல் மறையும் நாள்

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. இதற்குப் பந்தலும் வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு மீட்டர் நீளக் குச்சியைப் பள்ளி மைதானத்தில் செங்குத்தாக நட்டு, நண்பகலில் அதன் நிழலை அளந்துவர வேண்டும். செங்கம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 12.3 பாகையில் இருக்கிறது. பொங்கலன்று நிழல் வடக்குப் பார்த்து 66 சென்டிமீட்டர் இருக்கும். பிப்ரவரி நடுவில் 46. பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் மார்ச் 20, 21-இல் 22. வாரம் ஒரு கோடு கிழித்துத் தேதி எழுதிவந்தால், குளிர்காலம் கரைந்து கோடை வருவதைப் பிள்ளைகள் தரையிலேயே படித்துவிடுவார்கள். 66-இலிருந்து 46-ஐக் கழி, 46-இலிருந்து 22-ஐக் கழி என்றால் அது வெறும் கழித்தல் கணக்காக இருக்காது; சூரியன் நகர்ந்த கணக்காக இருக்கும்.

ஏப்ரல் 22-ஐ ஒட்டி அந்த நிழல் அடியோடு மறைந்துவிடும். சூரியன் நேர் உச்சியில் நிற்கும் அந்த நேரத்தில் குச்சிக்கும் நிழல் இல்லை, குடத்துக்கும் நிழல் இல்லை. நிற்கிற பிள்ளையின் நிழல் அதன் காலடிக்குள் ஒடுங்கிவிடும். பிறகு வெயிலின் திசை மாறும். ஜூனில் பள்ளி திறந்து பார்த்தால் அதே குச்சியின் நண்பகல் நிழல் தெற்குப் பார்த்து விழும், சுமார் 19 சென்டிமீட்டர். கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி என்றைக்கும் கிடைக்காது. இங்கே ஆண்டுக்கு இரண்டு முறை கிடைக்கிறது. இரண்டாவது, ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி, பள்ளி நடக்கும்போதே வரும்.

ஏப்ரல் நாள்தான் பிள்ளைகளுக்குத் தவறிப்போகிறது. 2025-இல் வெயில் காரணமாக ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குத் தேர்வை ஏப்ரல் 7-லேயே தொடங்கி 17-இல் முடித்துவிட்டார்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். ஆகவே இந்த வேண்டுகோள் பெற்றோருக்கு. வரும் ஏப்ரல் 21, 22, 23 ஆகிய மூன்று நாளும், பகல் 12 மணிக்கு, வாசலில் ஒரு குச்சியை நேராக நடுங்கள். பிள்ளையின் கையில் ஒரு சாக்பீஸ் கொடுங்கள். செங்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி 13 நிமிடத்துக்கு. அதுவரை கூடவே நில்லுங்கள்.